பிணம் கண் திறந்த படம்

முதல் காட்சி முடிந்து தியேட்டர் கதவு திறந்ததும் முதல் ஆளாக வெளியே வந்தது அக்காதான். முகத்தைப் பார்த்ததுமே, வாசலில் மைக்கோடு நின்ற தங்கை டிகிரிக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

"வந்துச்சா?"

"வரல."

"ஒரு வார்த்தைகூடவா?"

"அதான் வரலைங்கிறேன்ல. அந்தக் கேமரா லைட்டைக் குடு. கை சும்மா இருந்தா அழுதுடுவேன்."

டிகிரி என்பது வீட்டுப் பெயர். பரம்பரையில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்று அப்பா பெருமையாக வைத்தது. பட்டம் வாங்கியவள் ஒரு யூடியூப் சேனலில் சேர்ந்து, தியேட்டர் வாசலில் நின்று, "படம் எப்படி இருக்கு?" என்று வருகிறவன் போகிறவன் வாயிலெல்லாம் மைக்கை நீட்டுகிற வேலைக்குப் போன பிறகு, அதே பெயரை அவர் குத்தலுக்கு வைத்துக்கொண்டார்.

அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை. நடிப்புதான். இதுவரை பஸ்ஸில் ஒருத்தி, ஆஸ்பத்திரி வரிசையில் ஒருத்தி, ஓடுகிற கூட்டத்தில் ஒருத்தி. இந்தப் படத்தில்தான் கொலையாகிற பெண்ணே அவள். யார் கொன்றது என்று படம் முழுக்கத் தேடுகிறார்கள். சாவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு காட்சி, அதில் வசனமும் உண்டு. இதைக் கேள்விப்பட்ட அப்பா, சித்தப்பாவைச் சாட்சிக்கு உட்கார வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "உன் வாயிலேருந்து நாலு வார்த்தை வந்தா நடி, நான் கேக்கல. வரலையா, திங்கக்கிழமை சித்தப்பா ஜவுளிக்கடையில துணி மடிக்கப் போற."

அந்த அப்பா இன்னும் உள்ளேதான் இருந்தார். டிக்கெட் வாங்கிவிட்டால் கடைசி எழுத்து ஓடி விளக்கு போடும்வரை எழுந்திருக்காத ரகம்.

கூட்டம் வெளியே வழிந்தது. கேமராக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். நேரலை. டிகிரியின் காதில் இருந்த கருவிக்குள் சேனல் முதலாளி ஆபீஸிலிருந்து பேசினார்: "ட்விஸ்ட்டைப் பத்தி மட்டும் கேளு. குறை சொல்றவன் பக்கம் திரும்பாத. படக் கம்பெனி நமக்கு விளம்பரம் குடுத்திருக்கு."

முதலில் வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கத்தினான்.

"தலை சுத்துது சிஸ்டர்! டாக்டர்னு நெனச்சா டிரைவர், டிரைவர்னு நெனச்சா டாக்டரோட இரட்டைத் தம்பி, அப்புறம் பாத்தா தம்பியே இல்ல! ஆனா அதெல்லாம் விடுங்க. கடைசியில பொணம் கண்ணைத் திறந்துச்சு பாருங்க! பாப்கார்ன் பூரா முன்சீட்டுக்காரர் தலையில!"

டிகிரி திரும்பினாள். லைட் பிடித்திருந்த அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து கணவனும் மனைவியும்.

"அவ சாகல. பார்ட் டூ வருது" என்றான் கணவன்.

"போஸ்ட்மார்ட்டமே பண்ணிட்டாங்க, எப்படிங்க சாகாம இருப்பா? ஆவி அது."

"ஆவிக்குக் கண்ணு துடிக்குமாடி?"

"உங்களுக்கு என்ன தெரியும்? வீட்டுல இருக்கறவ கண்ணையே நிமிந்து பாத்ததில்ல!"

கூட்டம் சிரித்தது. ஆஸ்பத்திரி உடுப்போடு வந்த நர்ஸ் மைக்கைப் பிடுங்காத குறையாகப் பேசினாள். "கண்ணைப் பத்திப் பேசறீங்களே, ஏன் கொன்னாங்கன்னு யாருக்காவது புரிஞ்சுதா? கொன்னது யாருன்னு நாலு தடவை மாத்தினாங்க. அந்தப் பொண்ணு யாரு, என்ன வேலை பாத்தா, என்னத்துக்குக் கொன்னாங்க? அதைக் காணோம்."

"அவங்க ஹீரோவோட தங்கச்சி" என்றான் ஹெல்மெட்.

"தங்கச்சியா? ஹீரோவோட லவ்வர்யா அவ!" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"ரெண்டும் இல்ல, பக்கத்து வீடு!"

டிகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணைக் கொன்று இரண்டரை மணி நேரம் படம் காட்டியிருக்கிறார்கள். பார்த்து முடித்தவர்களுக்கு அவள் தங்கையா காதலியா என்றுகூடத் தெரியவில்லை. பிணமாகத் திரையில் கிடந்தவளோ, அவர்கள் மூக்குக்கு நேரே லைட் பிடித்து நிற்கிறாள். நீலச் சாயம் பூசாத முகம் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"ஏன் கொன்னாங்கங்கிற பேச்சை எடுக்காத" என்றார் முதலாளி காதுக்குள். "கண்ணைப் பிடிச்சுக்கோ. லைவ் பாக்க ஜனங்க உள்ள வந்துக்கிட்டே இருக்காங்க. கண்ணு, கண்ணு!"

அப்போது வெள்ளைச் சட்டையில் படக் கம்பெனி மேனேஜர் ஓடிவந்தார். யாரோ போனில் நேரலையைக் காட்டியிருக்க வேண்டும். சிரிப்பு முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார். "மக்கள் கரெக்டா கண்டுபிடிச்சுட்டாங்க! அந்தக் கண்ணு எங்க டைரக்டர் ரகசியமா வச்ச கடைசி ட்விஸ்ட். இரண்டாம் பாகத்துக்கான விதை. ஒரு வருஷமா யோசிச்சு வச்சது!"

கைதட்டினார்கள். லைட் ஆடியது.

"பொய்" என்றாள் அக்கா.

மேனேஜர் அவளைப் பார்த்தார். லைட் பிடிக்கிறவள் எதற்குப் பேசுகிறாள் என்ற பார்வை.

டிகிரி யோசிக்கவே இல்லை. மைக்கை அக்கா பக்கம் திருப்பினாள். "எது பொய்? சொல்லுங்க. எல்லார் கருத்தும் கேக்கறோம், உங்க கருத்தையும் கேப்போம்."

"டைரக்டர் வச்சது இல்ல. நான் வச்சது. அந்தப் பொணம் நான்தான்."

ஹெல்மெட் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"என் வசனக் காட்சியை எடுத்து முடிச்சாங்க. மத்தியானம் அசிஸ்டென்ட் வந்து, 'உன் சீன் வராதும்மா, ஹீரோ என்ட்ரி லேட்டாகுது'ன்னு சொல்லிட்டுப் போனாரு. டீ சூடா இல்லைன்னு சொல்ற மாதிரி சொன்னாரு. எப்படியும் கடைசியில சேர்த்துடுவாங்கன்னு நம்பி நானும் வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் கடைசி ஷாட்டு. இரும்பு மேஜையில படுக்க வச்சு, கேமராவை மூஞ்சி வரைக்கும் கொண்டுவந்தாங்க. ஹீரோ அழணும். கண்ணீர் சரியா வருதான்னு அத்தனை பேரும் அவரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. சரி, நானும் இங்கதான் கிடக்கிறேன்னு கண்ணைத் திறந்தேன். ஓகேன்னுட்டாங்க. எடிட்டிங்ல வெட்டிடுவாங்கன்னு நெனச்சேன். அங்கயும் ஒருத்தரும் என்னைப் பாக்கல போல."

சிரிப்பும் விசிலும் ஒன்றாகக் கிளம்பின. மேனேஜரின் சிரிப்பு மட்டும் போன இடம் தெரியவில்லை.

"ஏம்மா, இனி எந்தப் படத்துலயும் உன்னைப் பொணமாக்கூடப் படுக்க விடமாட்டேன், தெரியுமில்ல?"

"படுக்கறதுக்கு நான் வரலை சார்."

"கட் பண்ணு! கட் பண்ணுடி!" முதலாளி காதுக்குள் அலறினார். "வேலை வேணுமா வேண்டாமா உனக்கு?" டிகிரி கருவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டாள். பைக்குள்ளும் அவர் கத்திக்கொண்டிருந்தார். கேமராக்காரர் அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். கேமரா ஓடியது.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்து சேர்ந்தார். கடை ஷட்டர் ரிப்பேர் செய்து செய்து அவருக்குக் காது பாதி மந்தம். ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். மைக் தேவையே இல்லை.

"வசனம் எங்கடி?"

"வெட்டிட்டாங்கப்பா."

"வெட்டிட்டாங்கன்னா வரல. வரலைன்னா பேச்சு பேச்சுதான். திங்கக்கிழமை கடை."

"போகமாட்டேன்."

அக்கா அப்பாவிடம் இந்த வார்த்தையைச் சொல்லி டிகிரி கேட்டதே இல்லை. எதிர்த்துப் பேசுவதெல்லாம் வீட்டில் டிகிரியின் இலாகா.

"என்னது?"

"போகமாட்டேன்னு சொன்னேன். காதுல விழலைன்னா மறுபடி சொல்றேன்."

"நாலு பேரு முன்னாடி..."

"நாலு பேரு முன்னாடிதான் என்னைச் சாகடிச்சாங்க. நாலு பேரு முன்னாடியே பேசறேன். இதைக் கொஞ்சம் பிடிங்க."

லைட்டை அப்பா கையில் திணித்துவிட்டாள். வாழ்நாள் முழுக்க யாராவது எதையாவது நீட்டினால் வாங்கிப் பிடித்துப் பழகிய கை. அது தானாகப் பிடித்துக்கொண்டது. அக்கா கேமராவுக்கு முன்னால் போய் நின்று, துப்பட்டாவை இறுக்கினாள்.

"படத்துல நான் மருந்துக் கம்பெனி லேப்ல வேலை பாக்கிற பொண்ணு. என் காட்சி இதுதான்."

சொல்லிவிட்டு ஒரு மூச்சு இழுத்தாள். அடுத்த நொடி வேறு ஆளாக நின்றாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன் சார். இந்த மருந்து கெட்டுப்போச்சு. குழந்தைங்க குடிக்கிற மருந்து. மேலிடம், கீழிடம், உங்க பையன், அவனோட டாக்டர் எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் போட்டிருக்கீங்க. நான் போட மாட்டேன். நாளைக்கு வாசல்ல நின்னு வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவேன். என்ன செய்வீங்க? கொன்னுடுவீங்களா? கொல்லுங்க. கண்ணை மூட மாட்டேன்."

நர்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அடப்பாவிங்களா! இதுக்குத்தான் கொன்னாங்களா?"

"அப்ப டாக்டர்..." என்றான் ஹெல்மெட்.

"டாக்டருக்கும் தெரியும்! அதான் ரெண்டாவது பாதியில அவன் மருந்தைக் கொட்டினான்!"

"ஏங்க, இப்பதாங்க படமே புரியுது!" என்றாள் மனைவி. "இதை வெட்டிட்டா இரட்டைத் தம்பியைக் காட்டினாங்க?"

ஆளாளுக்கு மேனேஜரைச் சூழ்ந்துகொண்டார்கள். கொடுத்த காசுக்குக் கொலைக்குக் காரணமாவது சொல்லியிருக்க வேண்டாமா என்று ஒருவர் அவர் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார்.

அப்பா இன்னும் லைட்டைப் பிடித்தபடி நின்றார். டிகிரி மைக்கை அவர் முன்னால் நீட்டினாள்.

"உங்க கருத்து சார்?"

"யாருடி சார்?"

"படம் பாத்தீங்கல்ல. சொல்லுங்க."

அவர் கேமராவை முறைத்தார். "நாலு பேரு மாத்தி மாத்தி நான்தான் கொன்னேன்கிறான், நான் கொல்லலைங்கிறான். எனக்கு ஒரு எழவும் புரியல. இந்தக் கழுதை கண்ணைத் திறந்தப்போ பக்கத்து சீட்டுக்காரன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். முன்னபின்ன தெரியாதவன். நானும் பிடிச்சுக்கிட்டேன்." லைட்டை அடுத்த கைக்கு மாற்றினார். "ஆனா இப்பச் சொன்ன வசனம் தியேட்டருக்கு வெளிய. கணக்குல வராது."

"வரும்" என்றாள் அக்கா.

"சித்தப்பாகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"கடைக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்க. நான் திங்கக்கிழமை வேற கம்பெனி வாசல்ல போய் நிப்பேன். அவங்க துரத்தினா அதுக்கடுத்த வாசல்."

"நானும் வேற வேலைதான் தேடணும்" என்றாள் டிகிரி. "சேர்ந்தே போறோம்."

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் கூட்டம் அக்காவைச் சுற்றிக்கொண்டது. "மறுபடி ஒருவாட்டி சொல்லுங்க, போன்ல எடுத்துக்கிறேன்" என்று ஹெல்மெட் கெஞ்சினான். அக்கா மறுபடி மூச்சு இழுத்தாள்.

"கை வலிக்குதுடி" என்றார் அப்பா.

"லைட்டைக் கொஞ்சம் மேல தூக்குப்பா. மூஞ்சில நிழல் விழுது."

முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார்.