பன்னிரண்டு நாள் பேட்டரி

அக்கா, அந்தக் கடிதம் வரவில்லை. தபாலில் தாமதம் என்று நேற்று போனில் நான் சொன்னது பொய். மாமா இந்நேரம் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் நான் பர்மனென்ட் ஆகிவிட்டதாகச் சொல்லி முடித்திருப்பார். அவர் வாயை இனி மூட முடியாது. நீயாவது நடந்ததை முழுசாகப் படித்துவிட்டு, அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

என்ன வேலை என்று நீ கேட்கும்போதெல்லாம் 'சிப்புக்குக் கரண்ட் கொடுக்கிற வேலை' என்று மழுப்பிவிடுவேன். உண்மையில் அவ்வளவுதான். ஒரு ரேடியோ எந்த அலைவரிசையில் பேச வேண்டுமோ அதைத் துல்லியமாகத் தயாரித்துக் கொடுக்கிற சிப் அது. அதற்குள் இரண்டு பாதி. ஒரு பாதி ஓயாமல் எண்ணிக்கொண்டு, தடதடவென்று சத்தம் போடும். இன்னொரு பாதி கைக்குழந்தை மாதிரி. கரண்டில் துளி நடுக்கம் இருந்தாலும் அதன் அலைவரிசை கெட்டுவிடும். இரண்டுக்கும் ஒரே வீட்டில் குடித்தனம். குழந்தை எழுந்துவிடாதபடி தனித்தனி வாசல் வைத்துக் கரண்ட் அனுப்ப வேண்டும். அந்தப் பவர் சப்ளையை வடிவமைத்தது நான். இங்கே வந்து நான் தனியாகச் செய்த முதல் வேலை.

அது சுத்தமாக இருக்கிறதா என்று திரையில் பார்க்கலாம். நடுவில் ஒற்றைக் கோடு ஊசி மாதிரி நிற்க வேண்டும். சப்ளை அழுக்காக இருந்தால் ஊசிக்கு இரண்டு பக்கமும் கொம்பு முளைக்கும்.

என் திரையில் கொம்பே இல்லை. பன்னிரண்டு நாளாக இல்லை. எங்கள் தலைவி வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாகத் தான் பார்த்ததே இல்லை என்றார். எதைச் சொன்னாலும் அளந்து சொல்வதால் அவருக்கு ஸ்கேல் மேடம் என்று பேர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல். அன்று மாலைதான் வீட்டுக்குப் போன் போட்டுக் கத்தினேன். பர்மனென்ட் கடிதத்தை அவர் தயார் செய்யச் சொன்னதும் அன்றுதான். அந்தக் கடிதம் இருந்தால்தான் இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க முடியும். அனுமதி முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, சிப்பும் என் சப்ளையும் ஒட்டிய போர்டைப் பார்க்க வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்காக நாற்பது போர்டு செய்ய வேண்டும். பாகம் பொருத்தும் பட்டறை மதியம் இரண்டு மணிக்கு வேலையைத் தொடங்கக் காத்திருந்தது. நான் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றேன். சால்டர் அண்ணன் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் போர்டுகளில் கண்ணுக்குத் தெரியாத பாகங்களைக்கூடக் கையால் ஈயம் வைத்து ஒட்டுகிறவர் அவர். எதையும் மூன்று தரம் சரிபார்ப்பதால் எனக்குச் 'சந்தேகம்' என்று பேர் வைத்ததும் அவர்தான்.

ஸ்விட்சைப் போட்டேன். ஊசி எழுந்தது. வந்தவர்களில் ஒருவர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். மேடம் பேச ஆரம்பித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஊசி நடக்கத் தொடங்கியது. இடத்தைவிட்டு மெல்ல மெல்ல இடதுபக்கம் நகர்ந்தது, அகலமானது, அப்படியே படுத்துவிட்டது. போர்டுப் பெட்டியின் முகப்பில், அலைவரிசை சரி என்று காட்டும் பச்சை விளக்கு அணைந்தது.

பவர் சப்ளை மீட்டரைப் பார்த்தேன். எல்லா எண்ணும் சரியாக இருந்தது. கரண்ட் இருக்கிறது, சிப் செத்துக் கிடக்கிறது. இது எப்படி?

மேடம் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வந்தவர்களைத் தேநீர் குடிக்க அடுத்த அறைக்கு அழைத்துப் போனார். கதவருகே நின்று சால்டர் அண்ணனைப் பார்த்து, “டிரை சால்டரா பாருங்க” என்று மட்டும் சொன்னார், அதாவது ஒட்டு பிடிக்காமல் விட்டிருக்கிறதா என்று. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. பதினெட்டு வருஷத்தில் அவர் ஒட்டியது விட்டதாக யாரும் சொன்னதில்லையாம். அதை என்னிடம்தான் முணுமுணுத்தார்.

போர்டு ஒரு அலுமினியப் பெட்டிக்குள் இருந்தது. மூடியில் எட்டு ஸ்குரூ. ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூடியைத் தூக்கினேன்.

உள்ளே பேட்டரி இருந்தது, அக்கா.

பேட்டரியை விடச் சுத்தமான கரண்ட் உலகத்தில் கிடையாது. அதனால் எங்கள் பழக்கம், புது சிப் வந்தால் முதலில் பேட்டரியில் ஓட்டிப் பார்ப்போம். சிப்பின் உண்மையான குரல் அதில்தான் கேட்கும். பிறகு அதை நம் சப்ளைக்கு மாற்றி, இரண்டையும் ஒப்பிடுவோம். மாற்றுவதற்குப் பெரிய வேலை இல்லை. அரிசிமணி அளவில் 'லிங்க்' என்று ஒரு இணைப்புத் துண்டு இருக்கும், அதை எடுத்துப் பக்கத்து இடத்தில் ஒட்டினால் போதும். இந்தச் சிப்பில் இரண்டு பாதி, ஆகவே இரண்டு துண்டு.

நான் ஒன்றைத்தான் மாற்றியிருந்தேன். சத்தம் போடும் பாதியை. அடுத்ததைத் தொடும்போது ஆபீஸில் காகித வேலைகளைப் பார்க்கும் அம்மா, என் தங்கும் அனுமதிப் படிவத்தோடு வந்து நின்றார். ஓடிப்போய் எட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்து மூடியை மூடினேன். மூன்று தரம் சரிபார்க்கவும் செய்தேன்: சப்ளையை அணைத்தால் ஊசி விழுந்தது, போட்டால் எழுந்தது. விழாமல் என்ன செய்யும்? எண்ணுகிற பாதிக்கு என் சப்ளைதானே. குழந்தைப் பாதி மட்டும் பன்னிரண்டு நாளாக, ஆபீஸ் பூட்டியிருந்தபோதும், பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை அது காலி.

எல்லாரும் மெச்சிய அந்த ஊசி, கடையில் வாங்கிய பேட்டரியின் ஊசி. என் சப்ளையை யாரும் அதுவரை பார்க்கவே இல்லை. நானும்தான்.

அண்ணன் பூதக்கண்ணாடியை எடுக்கத் திரும்பியிருந்தார். பத்து விநாடி போதும் எனக்கு. துண்டை மாற்றி ஒட்டிவிட்டு, ஆமாம், டிரை சால்டர்தான் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன், அப்படித்தான் நினைத்தேன். சால்டர் வைக்கும் சூட்டுக்கோலை எடுத்துத் துண்டை மாற்றினேன். ஸ்விட்சைப் போட்டேன்.

ஊசி எழுந்தது. கூடவே இரண்டு பக்கமும் கொம்பு. சின்னதெல்லாம் இல்லை, எருமைக் கொம்பு. நான் செய்தது இதுதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படியே அண்ணனின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எப்போது திரும்பினாரோ தெரியவில்லை, அவர் திரையைப் பார்த்தார், பெட்டிக்குள் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“சால்டர்ல கோளாறுன்னே சொல்லிக்கப்பா. உனக்குக் கடுதாசி வேணும்ல” என்றார்.

அவர் அப்படிச் சொல்லாமல் திட்டியிருந்தால் ஒருவேளை நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. எழுந்து போய் அடுத்த அறைக் கதவைத் தட்டினேன். மேடம் வெளியே வந்தார்.

“மேடம், அண்ணன் சால்டர் சரியாத்தான் இருக்கு. ஒரு லிங்கை நான் மாத்த மறந்துட்டேன்.”

“எத்தனை நாளா?”

“மூடி போட்டதுல இருந்து.”

“அப்போ பன்னெண்டு நாளா நாம பாத்தது?”

“பேட்டரி, மேடம்.”

அவர் திரையின் முன்னால் வந்து நின்றார். கொம்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையிலிருந்த தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடமே நீட்டினார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. முதல் வேலையாகப் பட்டறைக்குப் போன் செய்து, நாற்பதையும் நிறுத்தச் சொன்னார். அப்புறம் சால்டர் அண்ணனிடம், எல்லாருக்கும் கேட்கும்படி, மன்னிப்புக் கேட்டார். வந்தவர்களை உள்ளே அழைத்து அந்தக் கொம்புப் படத்தையே காட்டினார். அவர்கள் எதையோ குறித்துக்கொண்டு, மூன்று வாரம் கழித்து வருகிறோம் என்று கிளம்பினார்கள். கைகுலுக்கல் இருந்தது, சிரிப்பு இல்லை.

மதியம் என்னைக் கூப்பிட்டார். கடிதம் மேஜைமேல் இருந்தது, என் பேரோடு, கையெழுத்து இல்லாமல். அதை இழுப்பறைக்குள் வைத்தார்.

“நாற்பது போர்டு போனதுக்கப்புறம் சொல்லியிருந்தா, இதைக் கிழிச்சிருப்பேன். இப்போ கிழிக்கலை. அந்தக் கொம்பு ரெண்டும் அடங்கட்டும், போடுறேன்.”

அனுமதி பற்றிக் கேட்டேன். அது அவருக்கும் தெரியும் என்றார். தேதியை மாற்றுவது தன் கையில் இல்லை என்றும் சொன்னார்.

மூன்று நாளாகக் காரணத்தைத் தேடினோம். சப்ளையில் காயில் என்று ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது, அதை நான் குழந்தைப் பாதியின் கரண்ட் வழிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். காயிலின் துடிப்பு அந்த வழியில் ஏறிவிடுகிறது. அண்ணன் அதைப் பிடுங்கி, இரண்டு விரல் தள்ளிக் கம்பி இழுத்து ஒட்டிக் கொடுத்தார். கொம்பு பாதிக்குமேல் குறைந்துவிட்டது. ஆனால் இன்னும் இருக்கிறது. போர்டையே மாற்றி வரைந்து அனுப்பியிருக்கிறேன். புதுப் போர்டு வர பதினாறு நாள் ஆகும். அதன் பிறகு என் அனுமதியில் மிச்சம் இருப்பது பதினைந்து நாள்.

அதற்குள் முடிந்துவிடும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது, அக்கா. அம்மாவிடம் கடிதம் இழுப்பறையில் இருக்கிறது என்றே சொல். அது நிஜம்தான்.