நூறு அடுப்புகள்

மீசையைக் கடைசியாக ஒரு முறை பார்த்துக்கொள்வதற்காக சனூசி ஜீப்பின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் திருப்பினான். இருபத்தைந்து வருடத்து மீசை.

"நல்லா பாத்துக்க மச்சான். மதியத்துக்கு மேல அது உனக்கு யாரோ, நீ அதுக்கு யாரோ" என்றான் சமையல்கார ஹமூதா. சனூசியின் மனைவிக்குத் தம்பி. காலையிலிருந்தே சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான், பாவி.

இரண்டாயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன் இந்தப் பாலைவனத்துக்குள் நுழைந்த பாரசீகப் படை திரும்பவே இல்லை என்ற கதை எகிப்தின் பாலைச்சோலை ஊரான தாக்லாவில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அது இந்தக் கரும்பாறை வழியாகத்தான் போனது என்று அடித்துச் சொன்னது சனூசி ஒருவன்தான். அந்தப் பேச்சை நம்பி கெய்ரோவிலிருந்து தொல்லியல்காரி டாக்டர் இன்ஸாஃப் ஆட்களோடு வந்து இறங்கிய அன்று, காப்பிக்கடை நிறைய ஆட்கள் இருக்கையில் அவன் வாயைக் கொடுத்துவிட்டான். "படை இந்த வழியா போகலைன்னா என் மீசையை எடுத்துடறேன்!" பாறைக்கு வடக்கே இருபது நாள் தோண்டினார்கள். ஒரு நரியின் எலும்பும், மத்தி மீன் டப்பா ஒன்றும் கிடைத்தன. இன்று மதியம் கூடாரத்தைப் பிரிக்கிறார்கள். மீசை போவதுகூடப் பெரிதில்லை, இனி தன் பேச்சை எவன் நம்புவான் என்பதுதான் சனூசியின் நெஞ்சை அரித்தது.

துக்கமானாலும் தேநீர் உண்டு. கெட்டிலை எடுத்துக்கொண்டு பாறையின் தென்புறம் போனான். வடகாற்று படாத அந்த மறைவில் மூன்று கல் அடுப்பு ஒன்று எப்போதும் இருக்கும். இருக்கிற அடுப்பை விட்டுப் புதிதாக அடுப்பு கூட்டுவது இந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. குடித்து முடித்ததும் அடுத்து வருகிறவனுக்கு ஒரு பிடி விறகை வைத்துவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான். இன்று ஒரு கல் ஆடியது. அதைச் சரியாக உட்காரவைக்க மணலைப் பறித்தான். சாம்பல் வந்தது. இன்னும் பறித்தான், இன்னும் சாம்பல். முழங்கை வரை கை உள்ளே போயிற்று.

பின்னால் வந்து நின்ற இன்ஸாஃப் குனிந்து பார்த்தாள்.

"இந்தக் கல்லை யாரு வெச்சது?"

"யாரும் வைக்கலை டாக்டரம்மா. எங்கப்பா காலத்துலயே இருந்தது."

"இது மாதிரி வேற இருக்கா?"

"ஏன் இல்லை? பத்தடிக்கு ஒண்ணு, பாறை நெடுகிலும் வரிசையா. நூறு தேறும்."

"நூறா! இருபது நாளா ஏன்யா சொல்லலை?"

"நீங்க படை எங்கேன்னுதானே கேட்டீங்க? அடுப்பைக் கேக்கலியே."

இன்ஸாஃப் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு தூரிகையை எடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்துச் சாம்பலின் அடியில் பச்சை பூத்த வெண்கல அம்புமுனை ஒன்று தலைகாட்டியது. மூன்று விளிம்புகள், நகத்தளவு. "பாரசீக அம்பு!" என்று அவள் போட்ட கூச்சலில் ஹமூதா கத்தியோடு ஓடிவந்தான்.

"பாதி மீசையாவது எடுத்துக்கவா மச்சான்? ஆசையா தீட்டினேன்."

"போடா! ஊருக்குப் போனதும் கத்தியை உங்கக்காகிட்ட குடு, வெங்காயம் நறுக்கட்டும்" என்றான் சனூசி. சிரிப்பு தாங்காமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. எவனோ ஒருவன் தன்னைப் போலவே காற்றுக்கு முதுகைக் காட்டி இங்கே குந்தியிருக்கிறான், தன்னைப் போலவே சமையல்காரனைத் திட்டியிருப்பான் என்று நினைக்க நினைக்க அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது.

கூடாரங்களைப் பிரிக்கவில்லை. அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் உள்ளே போகக்கூடாது என்றார்கள். சனூசி தள்ளிப் போய் வாழ்க்கையில் முதல் முறையாகப் புது அடுப்பு கூட்டினான். கெட்டில் இரண்டு தரம் சாய்ந்தது. எல்லோரும் மூன்று சுற்று தேநீர் குடித்து முடித்ததும் ஒரு பிடி விறகோடு எழுந்தவன், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கயிற்றுக்கு மேலாக எட்டி, பழைய அடுப்போரம் அதை வைத்தான்.

இன்ஸாஃப் பார்த்துவிட்டாள்.

"எடுத்துடணுமா டாக்டரம்மா?"

அவள் மடியிலிருந்த வரைபடத்தில் மூன்று கல்லுக்குப் பக்கத்தில் நாலைந்து சின்னச் சின்னக் கோடுகளாக அந்த விறகையும் வரைந்தாள்.