மாவு மில்லில் இறங்கிய பதில்கள்

இணைய வகுப்பில் மைக்கை அணைத்துவிட்டு மாணவர்கள் பேசுவதெல்லாம், அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும், அம்பாசமுத்திரத்தில் தங்கப்பழம் அண்ணாச்சியின் மாவு மில்லில் வந்து சேரும். மில் ஓடும்போது மாவோடு துணிக்குழாய் வழியாக இறங்கும். ஓடாதபோது உள்ளேயே காத்திருக்கும்.

தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். அதே தெருவிலிருந்து இணையத்தில் சட்டப் பாடம் நடத்தும் பூங்கோதைக்குத்தான் தெரியாது. மில்லுக்குப் போவது அவள் அம்மா.

பூங்கோதையின் திரையில் முப்பது கறுப்புக் கட்டங்கள். எதைக் கேட்டாலும் "சரி மேம்" என்று எழுத்தில் வரும், கூடவே ஒரு கைகூப்பிய படம். வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வகுப்பைப் பார்க்க வருகிறார். விவாதம் நடக்காவிட்டால் பாடத்தையே நிறுத்திவிடுவார்கள்.

வியாழக்கிழமை அம்மாவுக்கு முழங்கால் வலி. பூங்கோதை தகரச் சம்படத்தில் கோதுமையோடு மில்லுக்குப் போனாள்.

"ஒனக்கு என்னல தெரியும்? மரம் நட்டவன் வேற, தண்ணி ஊத்துனவன் வேற" என்றது துணிக்குழாய்.

லெனின்குமாரின் குரல். "சரி மேம்" தவிர ஒரு சொல் எழுதாதவன். பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை நம் பக்கம் சாய்ந்தால் காய் யாருக்கு என்று முந்தின நாள் அவள் கேட்டிருந்தாள். அதற்கான பதில் இப்போது சூடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒங்க வகுப்புல படிக்கிற ரோஸ்லின் பிள்ள பேசுனது மிளகாயோட வந்துச்சு. கொஞ்சம் காரந்தான்" என்றார் அண்ணாச்சி.

"முன்னாடியே சொல்லலையே அண்ணாச்சி?"

"ஒங்க அம்மாட்ட சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். மாவு சலிக்கும்போது அதையும் சலிச்சுக் கொட்டிருதேன்னுட்டாக."

வெள்ளிக்கிழமை பூங்கோதை இன்னொரு சம்படம் கோதுமையோடு போய், மடிக்கணினியை மில்லில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்தாள். "எல்லாரும் மைக்கை அணைச்சிருங்க" என்றாள். அவளுடையது மட்டும் திறந்திருந்தது. குழாயில் இறங்குவது அதன் வழியாக எல்லோருக்கும் போகும். அண்ணாச்சி மில்லை ஓட விட்டார்.

"இலையைக் கூட்டுறது நான்தானே? அப்ப காயும் எனக்கு." இது ரோஸ்லின்.

"எங்க ஆடு ஒங்க வாசல்ல நின்னா பால் ஒனக்கா?" இது லெனின்.

"நின்னா சரி. மேஞ்சா?" என்று இன்னொரு குரல்.

"மேஞ்சா பாதிப் பால் குடுக்கணும்லா" என்றாள் வரிசையில் நின்ற முப்புடாதி. அதுவும் மைக்கில் போனது. உடனே குழாயில் ஏழெட்டுக் குரல்கள் முட்டிக்கொண்டு இறங்கின. துணி உப்பியது. கோதுமை தீரப்போவதைப் பார்த்த முப்புடாதி தன் கேப்பையைத் தொட்டியில் கொட்டினாள். "பேச்சைப் பாதியில நிறுத்தினா எனக்குச் சோறு இறங்காது, ஓட்டுங்க."

அப்போது மேற்பார்வையாளர் தன் மைக்கைத் திறந்து குறுக்கிட்டார். "யாருமே மைக் போடலையே? எல்லாரும் போடுங்க."

முப்பது மைக்குகள் திறந்தன. குழாயில் வெறும் மாவு விழுந்தது. திரையிலிருந்து "சரி சார்" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

பூங்கோதை தரையைப் பார்த்துக்கொண்டே, "சார், நீங்களும் ஒருதடவை அணைச்சுப் பாருங்க" என்றாள்.

அவர் அணைத்தார். மற்றவர்களும் அணைத்தார்கள். கேப்பை மாவோடு அவர் குரல் இறங்கியது.

"எங்க வீட்டுலயும் ஒரு முருங்கை நிக்குது" என்றது குழாய், தாழ்ந்த குரலில். "அதனாலதான் பக்கத்து வீட்டுக்காரரோட பேச்சு இல்ல. ரோஸ்லின் சொல்றது தப்பும்மா."

"எப்படி சார் தப்பு? அவர் பக்கம் நின்னு பாத்தீங்களா?" இது ரோஸ்லின்.

"பாத்ததில்ல. ஏணி வேணும்."

வகுப்பு முடிய வேண்டிய நேரம் கடந்து வரிசையில் இருந்த தானியமெல்லாம் தீரும்வரை ஓடியது. "இந்தப் பாடம் அடுத்த பருவமும் இருக்கும். முதல்ல, நான் கடைசியாக் கேட்டதுக்கு லெனின் பதில் சொல்லட்டும்" என்று மேற்பார்வையாளர் கடைசிப் பிடி கேப்பையோடு சொன்னார்.

பூங்கோதை தன் கோதுமை மாவோடு கிட்டத்தட்ட ஓடியே வீடு வந்தாள். அந்த மாவை மட்டும் சலிக்க விடவில்லை. அம்மா அப்படியே கரைத்துத் தோசை வார்த்தாள். முதல் தோசை, ஏன் திருப்ப வேண்டும் என்று கேட்டது.

"அடியில வெந்துட்டு, அதான்" என்றாள் அம்மா.

தோசை சற்று யோசித்துத் திரும்பிக்கொண்டது. இரண்டாவது தோசைக்கு அந்தக் காரணம் போதவில்லை. அம்மா அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.