தனக்கொடியின் இடுப்பு

"நல்லா இருக்கு. இடுப்ப மட்டும் கொஞ்சம் கொறைச்சிடு" என்று சொல்லி, செல்வி வரைந்த படங்கள் இருந்த டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தார் மார்கரீத் மதாம்.

மதாமின் துணிக்கடையில் செந்தமிழ்ச்செல்வி ஆறு வருஷமாகத் துணி வெட்டுகிறாள். கல்யாணத்துக்கு முன்பு, அரியாங்குப்பத்து வீட்டில் உட்கார்ந்து, வாராவாரம் இணையத்தில் ஒரு படக்கதை போட்டுக்கொண்டிருந்தாள். நாயகி தனக்கொடி, தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய மில் தொழிலாளி. கறுப்பு, தடித்த இடுப்பு, முழங்காலுக்கு ஏற்றிச் செருகிய பின்கொசுவச் சேலை. மேஸ்திரி ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுவாள். நாற்பத்தொரு வாரம் வந்தது. "இந்தக் குண்டச்சிய எவன் பாப்பான்?" என்று படத்துக்குக் கீழே எழுதுகிறவர்கள் பெருகிப்போக, அதன் பிறகு செல்வி வரையவேயில்லை. தனக்கொடிக்கு அவள் தன் இடுப்பைத்தான் கொடுத்திருந்தாள். அது யாருக்கும் தெரியாது.

பதினொரு வருஷம் கழித்து அந்தப் பக்கங்கள் மதாம் கண்ணில் பட்டன. கொசுவத்தை முன்கூட்டியே தைத்து, பாவாடைபோல மாட்டிக்கொள்ளும் பின்கொசுவச் சேலை பொங்கலுக்குக் கடையில் புது வரவு. தனக்கொடி அதை உடுத்திக்கொண்டு கடை விளம்பரத்தில் மறுபடி வர வேண்டும் என்றார். மறந்திருக்கும் என்று பயந்த கை மறக்கவில்லை. மூன்றே நாளில் எட்டுப் பக்கம் வரைந்துவிட்டாள்.

"எதுக்கு மதாம் கொறைக்கணும்?"

"நம்ம சேல முப்பத்தி நாலு இஞ்சோட நிக்குதே, இவளுக்கு எப்படி ஏறும்? படந்தானே செல்வி, யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே. சேலயப் பெருசா வெட்டித் தர்றேன் மதாம். அவள வெட்ட மாட்டேன்."

மதாமின் முகம் இறுகியது. "அப்ப வேற ஆள வச்சு வரைஞ்சிக்கறேன்."

"வரைஞ்சிக்கங்க. ஆனா தனக்கொடி என்னுது."

சாப்பாட்டு நேரத்தில் செல்வி டப்பாவைத் திறக்காமல் வெட்டுமேசையிலேயே உட்கார்ந்து நாற்பத்திரண்டாவது வாரத்தை வரைந்தாள். தனக்கொடி இன்றைய கடை ஒன்றில் நுழைகிறாள். மாட்டிய சேலை இடுப்பில் சிக்கிக்கொள்கிறது. கழற்றி மேசைமேல் போட்டு, "துணி பத்தலன்னா துணியத்தான்டி திட்டணும்" என்கிறாள். செல்வி அதைத் தன் பழைய இணையப் பக்கத்திலேயே போட்டாள்.

சாயங்காலத்துக்குள் பழைய வாசகர்கள் சிலர் வந்துவிட்டார்கள். பழைய ஏச்சும் வந்தது. முன்பு ஒவ்வொன்றாக அழித்துவிட்டு அழுவாள். இந்தமுறை அதன் கீழேயே எழுதினாள்: "அந்தக் குண்டச்சி நாந்தான். அடுத்த வாரமும் வருவா."

மறுநாள் காலை மதாம் அந்தப் படக்கதையைத் திறந்து போனை நீட்டினார். "இத எடுத்துடுறியா?"

"மாட்டேன் மதாம்."

மதாம் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தார். வேலை இருக்கிறதா இல்லையா என்று செல்வி கேட்கவில்லை. ஒரு கை துண்டுத்துணியை அள்ளிக்கொண்டு தெருப்பக்கக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏறினாள். அங்கே நின்ற பொம்மையின் சேலையை அவிழ்த்து, அதன் இடுப்பைச் சுற்றித் துணியை இறுக்கி வைத்துக் கட்ட ஆரம்பித்தாள். அளந்து பார்த்தாள். முப்பத்தாறு இஞ்சு, தனக்கொடிக்கு இன்னும் பத்தாது. வெளியே ஸ்கூட்டியை நிறுத்திய ஒருத்தி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி செல்வி இன்னொரு சுற்று சுற்றினாள்.