நிற்காத அலை

கடலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லேப்டாப்பில் கடல் செய்து காட்டக் கிளம்பினான் ஷிபு. கொழுப்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பு தென்னந்தோப்புகளுக்கு அப்பால், மேட்டில் இருந்தது. அங்கே கடல் கேட்காது. "சத்தம் இல்லாம உறக்கம் வரல்ல மக்கா" என்று அவன் அண்ணன் கிளீட்டஸின் மனைவி செசிலி ஒருநாள் சொல்லிவிட்டாள். மகள் ஜின்சியை அலை கொண்டுபோன பிறகு அவளாக வாய்திறந்து ஒரு குறை சொன்னது அதுதான். வீட்டைவிட்டு வெளியே வராத மைனியை இந்தக் கிறிஸ்துமஸுக்காவது ஏசு பிறந்த குடிலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும் என்று ஷிபு ஒற்றைக்காலில் நின்றான்.

அவன் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன். சிந்தசைசர் சாஃப்ட்வேரில் முதலில் வெறும் இரைச்சலை எடுத்தான். டிவியில் படம் போய்விட்டால் கேட்குமே, அதுதான். ஃபில்டர் போட்டு அதன் கூர்மையை மழுக்கினான். எல்.எஃப்.ஓ. என்று ஒரு குமிழ் உண்டு, சத்தத்தைத் தானாகவே ஏற்றி இறக்கும். அதன் வேகத்தைக் குறைத்து, ஏற்ற இறக்கத்தின் ஆழத்தைக் கூட்டினான். அலை எழுந்து வந்து விழுந்தது, அடியோடு அடங்கியது, வெகுநேரம் கழித்துத் திரும்ப எழுந்தது. ரிவெர்ப் என்று கொஞ்சம் எதிரொலியும் சேர்த்ததும் அவனுக்கே புல்லரித்தது. பெருங்கடல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் குடிலருகே ஸ்பீக்கரைப் போட்டான். கடல் சத்தம் என்றதும் செசிலியும் வந்திருந்தாள், குடிலில் பரப்ப ஒரு கட்டு வைக்கோலோடு.

முதல் அலை வந்தது. "நம்ம கடலாக்கும்லே" என்று யாரோ சிரித்தார்கள். அலை பின்வாங்கியது. சத்தம் அற்றுப்போனது. சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தேடினார்கள். செசிலி வைக்கோலைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டுச் சிறுமியின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு மேட்டுச் சாலையைப் பார்த்து ஓடினாள்.

"நிறுத்துலே" என்றார் குடில் கமிட்டித் தலைவர் ஞானதாசன். "கடலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பாட்டப் போடு."

ஷிபு நிறுத்தினான். கடல் உள்வாங்கிய அந்தக் காலையில் இதே அமைதியைக் கேட்டவன்தான் அவனும். கேட்டிருந்தும் அதை அழகு என்று நினைத்துவிட்டோமே என்று அவமானமாக இருந்தது.

செசிலி திரும்பி வந்தாள். அழுதுகொண்டிருந்த சிறுமியை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு லேப்டாப் பக்கம் வந்தாள்.

"சத்தம் நிக்கியது எதுனாலலே?"

அவன் தலை நிமிராமல் குமிழைக் காட்டினான். "இதுதான் மைனி. அழிச்சிருதேன்."

"அழிக்காண்டாம். நிக்காம வரப் பண்ணு."

வேகத்தைக் கூட்டி, ஆழத்தைக் குறைத்து மறுபடி ஓடவிட்டான். ஒரு அலை முழுசாகப் போவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறி வந்தது. செசிலி கண்ணை மூடிக் கேட்டாள். "இன்னும் கொஞ்சம்" என்றாள். கூட்டினான். இடைவெளி இருந்த இடமே தெரியவில்லை.

"ஜின்சிக்கு அலைன்னா பேடியாக்கும் மக்கா" என்றாள் செசிலி. "சத்தம் கேட்டா கிட்டயே போவமாட்டா. அண்ணைக்கு அது நின்னதாலதான் கடல்ல எறங்குனா."