வறுத்த மண்

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் தங்கையைப் பார்க்க அங்கேயே வந்த அண்ணன், வந்ததும் வராததுமாகக் குடிக்கத் தண்ணீர் தேடி ஃபிரிட்ஜைத் திறந்தான். உள்ளே வரிசையாகப் பொட்டலங்கள். அத்தனையும் மண்.

"ஏ மண்புழு, மண்ணையெல்லாம் எதுக்கு ஃபிரிட்ஜுல வச்சிருக்க? கெட்டாப் போயிடும்?"

"கெட்டுத்தான் போகும். பயிருக்குச் சத்தைப் பிரிச்சுக் குடுக்கிற நொதி இருக்கே, அது சூடு பட்டாச் செத்துடும். அதான் ஈரத்தோட வச்சிருக்கோம்."

ஊர்வாயெல்லாம் மூடவைக்கும் அந்த வாயாடி, தண்ணீரை மறந்து ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினான்.

"நம்ம வயல் மண்ண நான் வறுத்தில்ல குடுத்தேன்" என்றான் மெதுவாக.

அவள் நச்சரித்து நச்சரித்துத்தான் அவன் பாசனத்தை மாற்றியிருந்தான். எந்நேரமும் தண்ணீர் தேங்கி நின்றால் சத்தெல்லாம் அடியில் இறங்கிவிடும், மண்ணுக்கு மூச்சு முட்டும், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சு என்று அவள்தான் சொன்னாள். பயிரைத் தாகத்தில் போடுகிறான் என்று பக்கத்து வயல்காரர்கள் கேலி பேசியதையும் பொறுத்துக்கொண்டான். மண் தேறிவிட்டதா என்று பார்க்கத்தான் போன மாதம் ஒரு பை கொடுத்தனுப்பினான்.

சத்துகள் நன்றாகவே இருந்தன. நொதிச் சோதனையில் குழாய் மஞ்சளாக மாற வேண்டும். தண்ணீர் மாதிரியே நின்றது. "மண்ணு செத்துப்போச்சுண்ணா" என்று போனில் அழுதவள், மண்ணை எப்படி எடுத்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. படித்த படிப்பெல்லாம் அன்றைக்கு எங்கே போயிருந்ததோ.

"ஏன்ணா வறுத்த?"

"முன்னாடி ஒரு தடவை ஈரமாக் கொண்டாந்தேன்னு இங்கேயே திருப்பி அனுப்பினாங்கல்ல? இந்தத் தடவை வெயிலே இல்ல. வாணலியில போட்டுப் பதமா வறுத்தேன். உங்க அண்ணி திட்டினா திட்டு, காது குடுத்துக் கேக்க முடியல."

சத்துச் சோதனைக்குக் காய்ந்த மண், நொதிச் சோதனைக்கு ஈர மண். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"சரி, போய் வயல்ல புதுசா ஒரு பிடி எடுத்துட்டு வா."

அவன் நகரவில்லை.

"செத்த மண்ணுன்னு நீதானே சொன்ன. மேல்மண்ண வெட்டிச் செங்கல் சூளைக்குக் குடுத்துட்டேன். இன்னைக்குக் காலையிலயும் லாரி போச்சு. ஓரமா ஒரு பட்டை நிலந்தான் மிச்சம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் தலைகுனிந்தபோது அவன் செருப்பு கண்ணில் பட்டது. காலையில் லாரிக்குப் பக்கத்தில் நின்றபோது பட்ட மேல்மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துக் குழாயில் போட்டு, மருந்து கலந்து, வெதுவெதுப்பான நீரில் வைத்தாள்.

குழாய் மஞ்சளானது. அந்தக் கூடத்தில் அவள் பார்த்த எந்த மண்ணும் அவ்வளவு அடர்ந்த மஞ்சளைக் காட்டியதில்லை.

"நல்லதா, கெட்டதா?"

"உயிரோடதான்ணா இருந்துச்சு. நீ பாய்ச்சினது சரி."

அவன் சூளைக்காரனுக்குப் போன் போட்டான். "தம்பி, அந்த மண்ணத் திருப்பி எடுத்துக்கலாமா?"

"எதைண்ணே? முன்னாடி வந்ததெல்லாம் நெருப்புல இருக்கு, இன்னைக்கு வந்தது அச்சுல இருக்கு. மிச்சப் பட்டைக்கு நாளைக்கு லாரி அனுப்பட்டுமா?"

"வேணாம்."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மஞ்சள் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொத்தத்தையும் வறுத்துட்டோம்ல" என்றான்.