ராஜாங்கம் வீட்டுப் பள்ளம்

ராஜாங்கம் வீட்டு நிலத்தில் களிமண் வெட்டிய பள்ளம், தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கிழக்கு நோக்கி நகரத் தொடங்கியது. அந்த வாரம் மரக்காணத்தில் கத்தரிக்காய் விலை இறங்கியிருந்தது. பள்ளத்தின் முன்கரை சரிந்து உள்ளே விழும். பின்கரை தானாக மூடிப் புல்லும் முளைத்துவிடும். அது போகிற வழியில் முதலில் இருந்தது ஆரோக்கியசெல்வியின் உப்பளம்.

மண்ணை விற்றவன் ராஜாங்கத்தின் தம்பி சரத்குமார். சாலைக்கு மேடு கட்டக் கேட்டார்கள் என்று, அண்ணனிடம் சொல்லாமலே பொக்லைனை இறக்கிவிட்டான். ராஜாங்கம் அவனைத் திட்டவில்லை. வீட்டுச் சண்டை வெளியே கேட்கக் கூடாது என்பது அவருடைய கட்டுப்பாடு. அந்த வீட்டு ஆடுகூட அடுத்தவர் அளத்தில் கால் வைத்ததில்லை. இப்போது பள்ளமே போகிறது. ஆரோக்கியசெல்வி அப்போதுதான் பாத்திகளில் களிமண் பரப்பி மிதித்து இறுக்கியிருந்தாள். அந்தத் தளம் பிளந்தால் உப்புத் தண்ணீர் முழுவதும் பூமிக்குள் இறங்கிவிடும். பிறகு அந்த வருஷம் அவளுக்கு உப்பும் இல்லை, அடுப்பும் இல்லை.

லாரி லாரியாகக் கொட்டிய சரளையைப் பள்ளம் விழுங்கிவிட்டு நகர்ந்தது. கசிகிற பாத்தியை மிதித்துத்தானே அடக்குகிறோம் என்று ராஜாங்கம் கூலியாட்களை இறக்கினார். அவர்கள் தோளோடு தோள் சேர்த்து மதியம் வரை மிதித்தார்கள். பள்ளம் அவர்களையும் சேர்த்துக்கொண்டு கிழக்கே போனது. வரப்பில் நின்றிருந்த ஆரோக்கியசெல்விக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, உங்க வீட்டுப் பள்ளம் கூலிக்கு வந்த காலுக்கா அடங்கும்? நீங்க எறங்கி மிதிங்க. சேத்துல கால் வெச்சா கவுரவம் கொறைஞ்சிடுமா?"

மூன்று தலைமுறையாக அந்த வீட்டு ஆண்கள் வரப்பில் நின்று வேலை வாங்கியவர்களே தவிர, சேற்றில் இறங்கியவர்கள் இல்லை. ராஜாங்கம் கூலியைக் கொடுத்து ஆட்களை அனுப்பிவிட்டார். மறுநாள் காலை, அளத்து ஆட்கள் எல்லோரும் பார்க்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"அண்ணே, ஊரே பாக்குது. ஏறி வாங்க."

"பாக்கட்டும். நீயும் எறங்குடா."

அண்ணனும் தம்பியும் குதிகாலை ஊன்றி ஊன்றி மிதித்தார்கள். வெயில் சாய்ந்தபோது, ஆரோக்கியசெல்வியின் வரப்புக்கு ஒரு முழம் முன்னால் பள்ளம் நின்றது.

ஒரு நாள் மிதிக்காவிட்டால் அது ஒரு சாண் முன்னேறும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் அந்த வீட்டார் தினமும் விடிந்ததும் மிதிக்கிறார்கள். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனாலும் ஒருவர் தங்கிவிடுகிறார். மருமகள் விஜயலட்சுமி தன் முறை வரும்போது கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறாள். வரப்புக்கு அந்தப் பக்கம் உப்பு வாரிக் குவிக்கும் ஆரோக்கியசெல்வி, இப்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை.